எலி திறந்த பூட்டு

உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான் என்பது பூட்டுக்காரரின் சித்தாந்தம். ஒன்று, பூட்டி வைத்தது. அதற்கு மதிப்பு உண்டு. மற்றது, பூட்டாமல் கிடப்பது. அதைத் திரும்பிப் பார்ப்பதே கண்ணுக்கு வீண் செலவு.

கடைத்தெரு முனையில் ஒருவர் உட்கார, ஒருவர் நிற்க மட்டும் இடமுள்ள கடை அவருடையது. சாவியைத் தொலைத்தவர்களெல்லாம் அங்கேதான் ஓடி வருவார்கள். வளைந்த கம்பி ஒன்றைப் பூட்டுக்குள் விடுவார். கண்ணை மூடுவார். யாரோ காதுக்குள் ரகசியம் சொன்ன மாதிரி லேசாகச் சிரிப்பார். பூட்டு வாயைப் பிளந்துவிடும். இப்பேர்ப்பட்ட வித்தைக்காரருக்கு மூடத் தெரியாமல் போன ஒரே பொருள், அவருடைய சொந்த வாய்.

சர்க்கரை வியாதி அவரோடு குடித்தனம் வந்து வருஷங்களாகிவிட்டன. வீடு தேடி வந்த விருந்தாளியைப் பட்டினி போடுவது பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, வேளை தவறாமல் அதற்குப் படியளந்தார். கடைக்குப் பக்கத்துக் கடை பேக்கரியாக அமைந்ததில் அவர் தவறு எதுவும் இல்லை. காலையில் கேக், மதியம் கிரீம் பிஸ்கட், சாயங்காலம் மறுபடி கேக். வீட்டுக்கு வந்ததும் மனைவி கொடுக்கும் சர்க்கரை இல்லாத டீயை, தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடிப்பார்.

மனைவியை ஊரில் ‘கேன்டீன் அக்கா’ என்பார்கள். ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் அவர் வைத்ததுதான் சட்டம், ஊற்றியதுதான் குழம்பு. அதிகம் பேச மாட்டார். பேசாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பூட்டுக்காரருக்கு இந்தக் கதையின் கடைசியில்தான் புரிந்தது.

ஒரு சாயங்காலம் அவர் கடையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தார்.

“என்னங்க, இன்னொரு செருப்பு எங்கே?”

“கால்லதான் இருக்கு.”

“இருந்தா நான் ஏன் கேக்கறேன்? குனிஞ்சு பாருங்க.”

குனிந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் தெருப்புழுதி இருந்தது.

“அட, எப்போ கழண்டுச்சு?”

“அதை உங்க காலைத்தான் கேக்கணும்.”

காலைக் கேட்டார்கள். காலுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா அவர் பாதத்தில் ஏதோ ஒன்றால் குத்திக் குத்திப் பார்த்து, “தெரியுதா?” என்றார். “ஆரம்பிச்சாச்சா டாக்டர்?” என்று கேட்டார் இவர். டாக்டரம்மா முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

“பாதம் மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா விரலுக்கும் வரும். மூணு மாசம் பாக்கறேன். குறையலைன்னா தினம் ஊசிதான், சொல்லிட்டேன்.”

ஊசி என்றதும் பூட்டுக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஆயுசு முழுக்கப் பூட்டுகளுக்குள் கம்பியை விட்டவருக்குத் தன் உடம்பில் ஒரு கம்பி நுழைவது என்றால் உயிர் போய்விடும்.

ஊசி பயத்தை ஊர் முழுக்கச் சொன்னார். இன்னொரு பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சில நாட்களாக அவருடைய விரல் நுனிகளில் மெழுகு பூசினாற்போல ஒரு மந்தம். ஒரு பெண்மணியின் பெட்டிப் பூட்டைத் திறக்க முற்பகல் முழுக்க ஆயிற்று. “இது வேற நாட்டுப் பூட்டும்மா” என்று சமாளித்து அனுப்பிவிட்டு, கடைக்குள் தனியாக உட்கார்ந்து விரல்களை வெறித்துப் பார்த்தார். பூட்டின் உள்ளே இருக்கிற பொடிப் பொடி ஊசிகள் மேலேறுவதை விரல்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். விரல் ஊமையாகிவிட்டால் அவர் யார்? மனைவியிடம் சொல்லலாம்தான். சொன்னால் அழுவாள். அவள் அழுதால் இவருக்கும் அழுகை வரும். இருவரும் அழுதால் அடுப்பை யார் பார்ப்பது? வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அந்த ஒரு விஷயத்துக்குத்தான் மூடினார்.

“இன்றிலிருந்து இனிப்பைக் கையால் தொடமாட்டேன்” என்று சபதம் செய்தார். மறுநாள் பேக்கரிக்காரரிடம் ஒரு முள்கரண்டி கேட்டு வாங்கினார்.

அந்த வாரமே கேன்டீன் அக்கா சமையலறையில் ஒரு இரும்பு அலமாரியைக் கொண்டுவந்து வைத்தார்.

“இது என்ன?”

“கேன்டீன் அடுப்பு பழுதுங்க. கொஞ்ச நாளைக்கு டீ வேளைக்கான கேக்கை வீட்லதான் செய்யணும். அதை வைக்க.”

கேக் என்ற சொல் காதில் விழுந்ததும் பூட்டுக்காரருடைய நாக்கு எழுந்து உட்கார்ந்தது. அதற்குள் மனைவி அலமாரிக் கதவைச் சாத்தி ஒரு பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எதுக்கு பூட்டு?”

“எலித் தொல்லை.”

“எலிக்கு எதுக்கும்மா பூட்டு? கதவைச் சாத்தினா பத்தாதா?”

“இந்த வீட்டு எலி கொஞ்சம் கெட்டிக்கார எலிங்க.”

பூட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. திருடன் என்று சந்தேகப்பட்டதற்காக அல்ல. மாட்டியிருந்த பூட்டின் தரத்துக்காக. இரும்புக்கடை வைத்திருக்கும் மச்சானிடம், அதாவது மனைவியின் அண்ணனிடம், வாங்கிய மட்டமான சரக்கு. எனக்கா இந்தப் பூட்டு? மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய கொண்டை ஊசியாலேயே திறந்தார். கேக்கின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு கீற்று வெட்டினார். வாயில் போட்டார். ஆஹா! பேக்கரிக்காரன் இத்தனை வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறானே!

அன்றோடு பேக்கரி பக்கம் போவதை விட்டார். விலை கொடுத்து வாங்கித் தின்பதில் என்ன வீரம் இருக்கிறது?

“கேக்ல ஒரு மூலை குறையுதுங்க” என்றார் மனைவி மறுவாரம்.

“எலியா இருக்கும்.”

“எலி கத்தி வச்சு வெட்டுமா? நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருக்கே.”

“நீதானே சொன்னே, கெட்டிக்கார எலின்னு!”

மனைவி பூட்டை மாற்றினார். இது கொஞ்சம் கனமான பூட்டு. எலி அதையும் திறந்தது. அப்புறம் இரட்டைப் பூட்டு. அதையும் திறந்தது. “சமையலறையே வேண்டாம்” என்று அலமாரியை ஆள் வைத்து மொட்டை மாடி அறைக்கு ஏற்றினார் மனைவி. எலி மூச்சு வாங்க வாங்க மாடி ஏறியது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கத்தி மறந்தது, கம்பி மறந்தது என்று நடுநடுவே சில தடவை. முதலில் பாதி வழியில் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. போகப் போக, பக்கத்து வீட்டுக்காரர் “என்ன சார், இந்த வயசுல இப்படித் தாவறீங்க?” என்று கேட்கும்படி ஆயிற்று.

பெருமையை எத்தனை நாள்தான் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது? மச்சானின் இரும்புக்கடைக்குப் போனார்.

“மச்சான், நீங்க விக்கறது பூட்டா, பிஸ்கட்டா? தொட்டா உடையுது.”

“ஏன் மாப்பிள்ளை, யாராவது தொறந்துட்டாங்களா?”

“ஒரு எலி தொறந்துடுச்சு.”

“எலிக்கு ரொம்ப நேரம் ஆச்சா?”

“நேரமா? ஒரு தம்ளர் தண்ணி குடிக்கிற நேரம்.”

“அடடா! ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, ரொம்ப சந்தோஷம்!” மச்சான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தான் விற்ற பூட்டு தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் வியாபாரியைப் பூட்டுக்காரர் அதுவரை பார்த்ததில்லை. மண்டையில் ஏதோ இடித்தது. கேக் ஞாபகம் வந்து அதை மறக்கடித்தது.

அப்புறம்தான் வந்தது அந்தப் பூட்டு. உள்ளங்கையளவு பித்தளைப் பூட்டு. மாடி அறையில் அதன் முன்னால் மண்டியிட்டுக் கம்பியை விட்டார். கண்ணை மூடினார். ரகசியம் எதுவும் கேட்கவில்லை. விரல் நுனியில் அதே மெழுகு. மறுபடி முயன்றார். வியர்த்துக் கொட்டியது. கேக் போனால் போகிறது, ஆனால் கை? படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் தோற்ற பிள்ளை மாதிரி விசும்பினார். அன்று கீழே வந்து, மனைவி போட்ட காய்கறியை மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை.

தினமும் ஏறினார், தோற்றார், இறங்கினார். ஒரு காலை, கம்பி உள்ளே போனதும், விரலில் சுருக்கென்று ஏதோ தட்டியது. ஓர் ஊசி. அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றாக மேலேறுவதை விரல் எண்ணிச் சொன்னது. பூட்டு வாயைப் பிளந்தபோது அவருடைய கண்ணிலும் தண்ணீர். கேக்கை வாயில் வைத்தார். அதைப்போல இனித்த கேக்கை அவர் பிறந்ததிலிருந்து தின்றதில்லை. ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மனைவியோடு டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் நாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

“நல்லாக் குறைஞ்சிருக்கே! ஊசி வேண்டாம். பத்தியமா இருந்திருக்கீங்க.”

ஆழம் தெரியாமல் காலை விட்டார் பூட்டுக்காரர். எழுந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

“டாக்டர், உங்க படிப்புக்கு ஒரு கும்பிடு. ஆனா உங்க பத்தியம் சும்மா. நான் இந்த மூணு மாசமும் தினம் கேக் சாப்பிட்டேன். அதுவும் திருடி! இவளுக்கே தெரியாது.” மனைவி பக்கம் பரிதாபமாகத் திரும்பினார். “மன்னிச்சுடும்மா. அந்த எலி நான்தான்.”

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் பாவம் என்று நினைத்தார்.

“இந்தாங்க டாக்டர், ஆதாரம்!” காகிதத்தைப் பிரித்து நீட்டினார்.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத டாக்டரம்மா ஆவலாக ஒரு கடி கடித்தார். மென்றார். மெல்வது மெதுவாக நின்றது. விளக்கெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகம் போயிற்று. தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்தார்.

“இதுல சர்க்கரை எங்கே?”

“என்ன டாக்டர், தேனா இனிக்குமே!”

“சர்க்கரை போடலை டாக்டர்” என்றார் கேன்டீன் அக்கா. அவர் அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். “மாவு கூடப் பாதிதான், மீதி தவிடு. வாரா வாரம் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேன். கடைசியில சுத்தமா நிறுத்திட்டேன்.”

“ஆனா இனிச்சுதே!” என்று அலறினார் பூட்டுக்காரர்.

“திருடித் தின்னா இனிக்காதாங்க?”

“அப்போ கேன்டீன் அடுப்பு?”

“நல்லா எரியுது.”

“மிச்ச கேக்கெல்லாம்?”

“எங்க அண்ணன் சாப்பிட்டார். அவருக்கும் சர்க்கரைதானே.”

பூட்டுக்காரர் நாற்காலியில் சரிந்தார். “சரி, கேக்கை விடு. அந்தப் பூட்டெல்லாம் எதுக்கு? வாராவாரம் பெரிசு பெரிசா?”

கேன்டீன் அக்காவின் சிரிப்பு நின்றது. “ஒரு நாள் சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போனீங்களே, அன்னைக்கே உங்க விரல் சேதி எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேட்டா பொய் சொல்வீங்க. அதான் பூட்டைக் கேட்டேன். அது பொய் சொல்லாது. பித்தளைப் பூட்டு தொறக்காம கிடந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கலைங்க. இன்னைக்கும் அது தொறக்காம இருந்திருந்தா டாக்டர்கிட்ட நானே சொல்லியிருப்பேன்.”

அவர் மேஜைக்கடியில் மனைவியின் கையைப் பிடித்தார். அந்தக் கையின் சொரசொரப்பு, சமையலறைத் தழும்பு, எல்லாம் விரலுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நிரம்பச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் தெருமுனை வரைதான் நின்றது. அதற்குள் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

“ஆமா, நிஜ சர்க்கரையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?”

“ஒளிக்கவே இல்லையே. அடுப்பு மேடையில, மூடி இல்லாத டப்பாவுல. தினம் அதுக்குப் பக்கத்துல நின்னுதான் தண்ணி குடிப்பீங்க. பூட்டு இல்லாத எதை நீங்க என்னைக்கு ஏறெடுத்துப் பாத்திருக்கீங்க?”

வீடு வந்ததும் பூட்டுக்காரர் நேராக மேடைக்குப் போனார். டப்பா சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். சீ, என்ன இது, இப்படித் திகட்டுகிறது! துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். நாக்கையும் அல்லவா மாற்றி வைத்துவிட்டாள்!

அப்படியானால் அந்தக் கேக்கே கதி என்று மாடிக்கு ஓடினார். சந்தோஷத்தில் அவர் பூட்ட மறந்திருந்த அலமாரி அகலத் திறந்து கிடந்தது. காலையில் அவர் தின்ற அதே கேக்தான். உரிமையோடு ஒரு பெரிய துண்டை எடுத்துக் கடித்தார். வாயில் தவிடு அடைத்தது. மறுபக்கம் கடித்துப் பார்த்தார். அங்கேயும் தவிடு. விழுங்க முடியவில்லை.

துண்டைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தார். பிறகு பித்தளைப் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பூட்டை நீட்டினார்.

“ஏம்மா, மேலே வந்து அந்த அலமாரியைக் கொஞ்சம் பூட்டிட்டு வந்துடேன். சாவியை நல்லா ஒளிச்சு வை.”

“எதுக்குங்க பூட்டு?”

“எலித் தொல்லை” என்றார் பூட்டுக்காரர்.