வெயிலில் வாடும் வாசகர்

வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. நிரப்பக் கடிதம் இல்லை. அச்சுக்கூடத்து ஆள் மறுபடியும் வந்து கதவோரம் நின்றான்.

அந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவரை அலுவலகத்தில் எல்லோரும் கடுதாசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாவம், அவருக்கு வருகிற கடுதாசியெல்லாம் சந்தாவை நிறுத்தச் சொல்லி வருகிறவை. அதைப் போட முடியுமா? வாசகர்கள் எழுதவில்லை என்றால் பக்கம் எதற்கு, பக்கத்துக்கு ஓர் ஆள் எதற்கு என்று ஆசிரியர் அன்று காலையில்தான் கேட்டிருந்தார்.

கடுதாசிக்காரர் கண்ணை மூடி யோசித்தார். காலையில் வீட்டு ஜன்னலில் பார்த்தது ஞாபகம் வந்தது. வாசலுக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிற அவர் மனைவி, கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி வெயிலில் நின்றிருந்தாள். மடமடவென்று எழுதினார். 'பச்சைக் கைப்பையைக் குடையாக்கி நிற்கும் பெண்மணியின் துயரம் அதிகாரிகளின் கண்ணில் படாதா? நிழல் வேண்டும்.' கீழே 'வெயிலில் வாடும் வாசகர்' என்று போட்டு அனுப்பிவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

நகராட்சிக்காரர்கள் தெருவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, பத்திரிகையைப் பார்ப்பார்கள். அந்த வாரமே நடவடிக்கை எடுத்தார்கள். நிழல்தானே கேட்டார்கள்? நிழல் இருக்கிற இடத்துக்கு நிறுத்தத்தை மாற்றிவிட்டார்கள், மேட்டுத் தெருவின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். கம்பத்தைப் பிடுங்கி லாரியில் ஏற்றியபோது கடுதாசிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

மனைவிக்கு ஏற்கெனவே வலது முட்டி தேய்மானம். மேடு ஏறி இறங்கி வந்தவள், சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். கைப்பை வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். ஆணியில் தொங்கிய தன் பையைப் பார்த்தாள்.

"எந்தப் புண்ணியவான் எழுதினானோ, என் கையில கிடைச்சா இருக்கு அவனுக்கு" என்றாள்.

"யாரோ வேலையத்தவன்" என்றார் கடுதாசிக்காரர். தைலத்தை வாங்கித் தாமே முட்டியில் தேய்த்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு அக்கறையாய்த் தேய்த்ததில்லை.

மறுநாள் 'அன்றாடப் பயணி' என்ற பெயரில், நிறுத்தம் பழைய இடத்துக்கே வர வேண்டும் என்று எழுதினார். நகராட்சி அதையும் படித்தது. மக்களிடையே இரு வேறு கருத்து நிலவுவதால், ஒரு முடிவு ஏற்படும்வரை பேருந்து அந்தப் பக்கமே வராது என்று அறிவித்தது. இப்போது மனைவி பெரிய சாலை வரைக்கும் நடக்க வேண்டியதாயிற்று.

கடுதாசிக்காரர் பதறிப்போய், கைவசம் இருந்த பெயர்களையெல்லாம் களத்தில் இறக்கினார். 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்' எழுதினார். 'கைக்குழந்தைக்காரி' எழுதினாள். 'நடுநிலையாளர்' மட்டும் கொஞ்சம் கைமீறிப் போய், நகராட்சியில் நாற்காலி போட்டிருப்பது தூங்குவதற்கா என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். ஆசிரியருக்கு ஒரே குஷி. பக்கம் சூடு பிடித்துவிட்டது என்று முதுகில் தட்டிக்கொடுத்து, முதல் பக்கத்திலேயே 'பொங்கி எழுந்த பொதுமக்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்.

நகராட்சித் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுதிய அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை காலை மன்றத்துக்கு நேரில் வரட்டும், வராவிட்டால் பத்திரிகை புளுகுகிறது என்று ஊரறியச் சொல்வேன் என்று அறிக்கை விட்டார்.

கடுதாசிக்காரர் அந்த அறிக்கையை இரண்டு தடவை படித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நொந்துகொண்டார். பேருந்து போயிற்று, மனைவியின் முட்டி போயிற்று, பாக்கி இருப்பது வேலை ஒன்றுதான். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. வெயில் அதிகம்."

"ஆமாமா, ரொம்பத்தான் வாடிட்டீங்க" என்று சொல்லித் தண்ணீரை நீட்டினாள் மனைவி.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்ற முடிவோடு நகராட்சிக்குப் போனார். வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"கடுதாசி எழுதினவங்களுக்கு மட்டும்தான் சார் உள்ள இடம்."

அத்தனையும் எழுதியது நான்தான் என்றால் இவன் நம்பவா போகிறான்? காவலாளி ஒரு ஸ்டூலைக் காட்டினான். கடுதாசிக்காரர் அதில் உட்கார்ந்தார்.

உயரத்தில் இருந்த ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்டது. "நான்தாங்க ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்" என்றது ஒரு கனத்த குரல். கடுதாசிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்துக் கைக்குழந்தைக்காரி பேசினாள். குழந்தைகூட அழுதது. நடுநிலையாளர் மேசையில் குத்தி, கடுதாசிக்காரர் எழுதிய வாக்கியத்தையே வரி பிசகாமல் சொன்னார். பேர் பேராகக் கூப்பிடக் கூப்பிட, ஒருவர் பாக்கியில்லாமல் குரல் கொடுத்தார்கள்.

அப்படியானால் இவர்களெல்லாம் ஊரில் நிஜமாகவே இருக்கிறார்களா? கற்பனை என்று நினைத்துக்கொண்டு ஊரின் மனசைத்தான் எழுதியிருக்கிறோமா? கடுதாசிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கண்டதில்லை. உள்ளே தலைவர் இறங்கிவந்து, நிறுத்தம் பழைய இடத்துக்கே வரும், மேலே கூரையும் போடப்படும் என்று அறிவித்தார். கைதட்டல் கட்டடத்தையே அதிரவைத்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கடுதாசிக்காரரும் தட்டினார். பத்திரிகைக்காரனின் எழுத்துக்கு என்ன சக்தி என்று காவலாளியிடம் பெருமையோடு சொல்லவும் செய்தார்.

காவலாளி ஒரு டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

"குடிங்க சார், உங்க வீட்டம்மாதான் குடுக்கச் சொன்னாங்க. நேத்து பூரா அந்த முட்டியோட மாடி மாடியா ஏறி, தெருக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பேரைக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உங்களை மட்டும் உள்ள விட்டுடாதேன்னாங்க, உண்மையச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துடுவீங்களாம்."