ஆபரேஷன் தியேட்டரில் நான் நடத்திய அசெம்பிளி

விலங்கியல் ஆசிரியைக்கு ஆபரேஷன் செய்வது டாக்டர்களுக்குக் கிடைக்கும் தண்டனை. தண்டித்தவள் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குப் பித்தப்பையில் கல். கிரிவலத்துக்குப் பௌர்ணமிக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று வேங்கிக்காலில் ஒரு மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள், உள்ளே ஒரு கேமரா, அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிடுவார்கள்.

"கூடவே கொஞ்சம் தூக்கத்துக்கும் மருந்து தரட்டுமாம்மா?" என்றார் மயக்க டாக்டர். சின்னப் பெண்.

"வேணாங்க. டிவியில பாக்கணும். இருபது வருஷமா போர்டுலதான் பித்தப்பைய வரைஞ்சிருக்கேன்." (கல்லீரலைவிடப் பெரிதாக வரைவேன் என்பது வேறு விஷயம்.)

திரையில் என் பித்தப்பை வந்ததும் சர்ஜனுக்கே பாடம் எடுத்தேன். பத்து நிமிடம்தான். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவால் வலது தோளில் கடப்பாறை இறங்கியதுபோல் ஒரு வலி.

"டாக்டர், அந்த மருந்து! ஜாஸ்தியாவே குடுங்க!"

"கம்மியாதாம்மா தருவேன்."

அடுத்து எனக்கு நினைவிருப்பது வார்டுதான். பக்கத்தில் என் கணவர் சேகர்.

"கடைசி வரைக்கும் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். மருந்து குடுத்தப்புறம் வாயே தொறக்கல," என்றேன் கம்பீரமாக.

அப்போது உள்ளே வந்த சர்ஜன், "ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, வலி எப்படி இருக்கு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செய்யாறு பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போகும் வாய்ப்பு வந்திருந்தது. வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும். 'எனக்கு அதுல இஷ்டமில்ல' என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

"யாருங்க ஹெட்மிஸ்ட்ரஸ்?"

"நீங்கதாம்மா!" என்றார் கூட வந்த நர்ஸ். "உள்ள எங்களுக்கெல்லாம் அசெம்பிளி நடத்தினீங்களே! சாரை கிளவுச கழட்டி நகத்தைக் காட்டச் சொன்னீங்க. அந்த ஸ்கூல ஒரே வருஷத்துல நிமித்திடுவேன்னீங்க. அப்புறம், வீட்டுக்காரருக்கு தோசைக்கல் எங்க இருக்குனே தெரியாது, எப்படி விட்டுட்டுப் போறதுன்னு ஒரே அழுகை."

கட்டிலுக்கு அடியில் ஒளிய இடுப்புக்குக் கீழே கால் என்று ஒன்று இருக்க வேண்டுமே! அது இன்னும் திரும்பி வரவில்லை.

அவர்கள் போனபின் சேகர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சிங்க்குக்கு மேலதான?"

"கீழ."

"சரி, கீழ. நீ போய் ஜாயின் பண்ணு."

போனேன். பள்ளி நிமிர இரண்டு வருடம் ஆனது. இப்போதும் புடவைக் கடையில் நான் "எனக்கு எதுவும் வேணாம்" என்றால், சேகர் செல்போனை எடுத்து, "மயக்க டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்கிறார்.

உடனே இரண்டு புடவையாக எடுத்துக்கொள்கிறேன்.