மூன்று திசைக்குப் புறப்பட்ட ரீச்சர்

காரைநகரில் பிறந்து கப்பலேறியவர்கள் உண்டு, விமானம் ஏறியவர்களும் உண்டு. ஆனால் ஒரே காலையில், ஒரே நல்ல நேரத்தில், மூன்று திசைக்குப் புறப்பட்டுவிட்டு, மத்தியானச் சோற்றுக்குத் தன் குசினியிலேயே இருந்தவர் ஒருவர்தான். அவரைப் பயணம் ரீச்சர் என்போம்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நல்ல நேரம் புதன்கிழமை வருகிறது, போக வசதிப்படுவது சனிக்கிழமை என்று வையுங்கள். புதன்கிழமையே ஒரு பெட்டியையோ பையையோ, போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சனிக்கிழமை சாமானை எடுத்துக்கொண்டு அப்படியே நடையைக் கட்டலாம். ஒரேயொரு நிபந்தனை: வைத்த சாமான் திரும்பித் தன் வீட்டு வேலிப் படலைக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் செத்தது.

மற்றவர்கள் இதை ஆயுளில் நாலைந்து முறை செய்வார்கள். ரீச்சர் சந்தைக்குப் போவதற்கே செய்தார். ஒருமுறை பல் பிடுங்க ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகத் துவாய் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்தார். கடல் கொந்தளிப்பு, வள்ளம் ஓடவில்லை. வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தார். கடைசியில் பல் தானாகவே விழுந்தது. "பாத்தீங்களே, பயணம் பலிச்சிட்டுது" என்று துவாயை எடுத்துக்கொண்டு போனார்.

நான் அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். அவருக்குக் கிழக்கே ஒரு வேலி தள்ளிக் குடியிருந்தேன். அதனால் கிழக்கே போகும் அவருடைய பயணங்கள் எல்லாம் எங்கள் விறாந்தையில்தான் தங்கும். ஒருசமயம் எங்கள் சாமான் நாலு, அவருடையது ஆறு.

அவருடைய கணவரும் எங்கள் ஊர்தான். கடற்படை முகாமில் களஞ்சியக் கிளாக்கர். கலியாணம் பேசியபோது அது அரசாங்க உத்தியோகம், பென்சன் உண்டு, ஊரோடு வேலை. மனிதர் துவக்கையோ தோட்டாவையோ தொட்டதில்லை. பருப்பு மூட்டைகளை எண்ணியவர். முகாம் விலைக்கு, தகரத்தில் அடைத்த மீன் ரின் வாங்கித் தருவார். எங்கள் ஒழுங்கையில் அந்த மீனைத் தின்னாத வீடு இல்லை. எங்களுக்கு மட்டும் பதினொரு ரின் வந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, தின்ற வாய்களே அவரை "நேவிக்காரன்" என்றன. முகாமுக்குள் அவர் தமிழன், வெளியே நேவிக்காரன். நடுவே இருந்த முகாம் வாசல் ஒரு பாகம், இரு கை விரித்த அகலம். அந்த ஒரு பாகத்தில் மட்டும் அவர் வெறும் மனிதன்.

அடுத்த வருடம் அவரைத் தெற்கே ஒரு துறைமுக முகாமுக்கு மாற்றினார்கள். அதே மாதம் ரீச்சருக்கு யாழ்ப்பாணத்தில் ஆசிரிய கலாசாலையில் இடம் கிடைத்தது. அதே மாதம் எங்கள் பள்ளிக்கூட அதிபர், தற்காலிக ஆசிரியராக இருந்தவருக்கு நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். ரீச்சர் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"மாஸ்ரர், நீங்கள் கணக்கு வாத்தியார். வேலையோ, படிப்போ, மனிசனோ? எது பெரிசு?"

"உது கணக்கில்லைப் பிள்ளை. மூண்டும் மூண்டு சாமான். கூட்டவும் ஏலாது, கழிக்கவும் ஏலாது."

"அப்ப நான் ஒண்டையும் கழிக்கேல்லை. மூண்டுக்கும் புறப்படுறன்."

"ஒரு உடம்போடையோ?" என்றாள் என் மனைவி.

"உடம்பு பிறகு போகும் அக்கா. முதல் சாமான் போகட்டும்."

அப்படியே போயிற்று. தெற்கே கணவரிடம் போவதற்கான சூட்கேஸ், தெற்குப் பக்கத்தில் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வீட்டுக்கு. வேலையில் நிலைப்பதற்காகக் குடை, மேற்கே பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கு. கிழக்கே கலாசாலைக்கு ஒரு தகர றங்குப் பெட்டி, எங்கள் விறாந்தைக்கு. உள்ளே புத்தகங்களும் வெள்ளைச் சேலைகளும். வீட்டில் வேறு பெட்டி இல்லாததால் அது கணவரின் பழைய பெட்டி. மூடியில் அவருடைய கடற்படை இலக்கம் வெள்ளைப் பெயின்ற்றில் பளிச்சென்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, உதைக் கண்டால் எங்களைச் சுட்டுப்போடுவாங்கள்" என்றாள் மனைவி.

"ஆர்?"

"நேவியும் இயக்கமும், ரெண்டு பகுதியும்தான்."

மூடிக்கு மேல் ஒரு பட்டுத் துணியை விரித்து, பிள்ளையார் படத்தை வைத்து, விளக்கும் கொளுத்திவிட்டாள். என் விறாந்தையில் ஒரு கோயில் குறைவாக இருந்தது, அதுவும் வந்தது.

கார்த்திகை மழையில் ரீச்சர் நனைந்துகொண்டு பள்ளிக்கு வந்தார். "குடை எங்கை ரீச்சர்?" என்று கேட்டால், "அது நிரந்தர நியமனத்துக்குப் போட்டுது" என்பார். பிள்ளைகள் சிரித்தார்கள். பெற்றோர் சிரிக்கவில்லை. நேவிக்காரன் பெண்சாதி தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாளே என்று அதிபரிடம் போய்ச் சொன்னார்கள். அதிபர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் முடியாது என்று நேரே சொல்வதில்லை. ஒரு பின்னேரம் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிப் படலையில் வந்து நின்றார்.

"மழை வரும்போலை கிடக்கு ரீச்சர். குடையைக் கொண்டுபோங்கோ."

வானத்தில் ஒரு முகில் இல்லை. ரீச்சருக்கு விளங்கிவிட்டது. குடையை வாங்கி, தன் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், படலைக்கு வெளியே பூவரசங் கொப்பில் கொழுவிவிட்டார்.

அந்தக் கிழமையே சங்கக்கடை மனேச்சர் சூட்கேசைத் தூக்கிவந்து ரீச்சரின் குசினி வாசலில் வைத்தார். "தங்கச்சி, குறை நினையாதையும். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்" என்றார். என் கணக்குப்படி மீன் ரின்கள் கூடுதலாகப் போனது அவர் வீட்டுக்குத்தான். படலைக்குள் வந்துவிட்ட சூட்கேசைப் பார்த்தபடி ரீச்சர், "அது செத்துப்போச்சு" என்றார். அதைத் திறக்கவும் இல்லை.

மிஞ்சியது எங்கள் விறாந்தைப் பெட்டி ஒன்றுதான். எனக்கு உள்ளூரச் சந்தோசம். கெட்டிக்காரி; படிக்க வேண்டியவர். ஊர் தன் அற்பத்தனத்தால் ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது கணவர் லீவில் வந்தார். ரீச்சரோடு எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். மனைவியை வா என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்.

"குவாட்டர்ஸ் தந்திருக்கினம் மாஸ்ரர். தனி ஆள் எண்டால் அதையும் எடுத்துப்போடுவினம். ஒவ்வொரு நாளும் கேக்கிறாங்கள், மனிசி யாழ்ப்பாணத்திலை என்ன செய்யிறா, ஆருக்குச் செய்தி குடுக்கிறா எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் கேக்கிறாங்கள்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ரீச்சர் தனியே வந்தார், கையில் குடையோடு.

"நான் அவரோடை போறன் மாஸ்ரர். பகல் பஸ்."

"சூட்கேஸ்?"

"அது வீட்டுக்குள்ளை வந்திட்டுதெல்லே. அதோடை போகக்கூடாது. குடை இன்னும் வெளியிலைதான் நிண்டது."

"குடை வேலைக்கெண்டெல்லோ வைச்சனீர்?"

"என்ரை குடைதானே. திசையை மாத்திப்போட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. "ஊரிலை எத்தினை பேருக்கு அந்த இடம் கிடைக்கும்? கையிலை வந்த படிப்பை விட்டுப்போட்டுப் போறீர், கதையைப் பார்!"

"விடேல்லை. உங்கடை வீட்டிலை வைச்சிட்டுப் போறன்." பெட்டிமேல் இருந்த பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டார். "என்னை அங்கை ஒருத்தரும் கூப்பிடேல்லை மாஸ்ரர். ஆனால் நான் பக்கத்திலை இல்லாட்டி அந்த மனிசனை அவங்கள் கேட்டுக் கேட்டே சாக்கொண்டுபோடுவாங்கள். உந்தப் பெட்டியை மட்டும் என்ரை வீட்டுக்குக் கொண்டுபோயிடாதேங்கோ. உது இஞ்சை நிக்குமட்டும் நான் படிக்கப் புறப்பட்டவள்தான்."

புருசன் இரண்டு பைகளோடும் அவர் ஒரு குடையோடும் பஸ் ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் இருவர்: நானும் என் மனைவியும்.

பெட்டி நின்றது. ஒருநாள் துவக்கோடு இரண்டு இயக்கப் பெடியள் வந்தார்கள். வீட்டில் நேவிச் சாமான் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் பட்டுத்துணியின் நுனியைப் பிடித்தான். என் மனைவி, "தம்பி, சாமி இருக்கிற இடம். செருப்பைக் கழட்டும்" என்றாள். கழற்றினான். கும்பிட்டான். போய்விட்டான். அவள் வருடாவருடம் தை மாதத்தில் அந்த வெள்ளைச் சேலைகளைத் தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்தாள். ரீச்சரைப்பற்றி ஒரு சொல் வரவில்லை. இருவரும் எங்கேயென்று கேட்கக்கூடிய ஆளும் இல்லை; கேட்டால் எங்கள் தலைக்கு ஆபத்து.

தொண்ணூற்றொன்றில் ஊரே ஓடியது. கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் விழுந்த குண்டுகளுக்கு நடுவே பாலத்தால் யாழ்ப்பாணப் பக்கம் போக வேண்டும். எங்களிடம் ஒரு சைக்கிள். ஆறு கதிரை, ஒரு அலுமாரி, பதினேழு தென்னை, முப்பத்திரண்டு வருடம் சேர்த்த என் புத்தகங்கள், எல்லாம் அங்கேயே நின்றன. சைக்கிள் கரியரில் நான் கட்டியது றங்குப் பெட்டி. "விசரோ உங்களுக்கு?" என்று கேட்க மனைவி வாயெடுத்தவள் கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்தாள்.

இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரரின் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறோம். பெட்டி இருப்பதற்கு இடம் காணாது, முழங்காலில் இடிக்கிறது, நாளுக்கு ஒருமுறையாவது அதைத் திட்டுகிறேன். ஆனால் இங்கிருந்து கலாசாலை நடந்து போகிற தூரம். ரீச்சர் வந்தால் நேரே இங்கே வரட்டும். முக்கால்வாசிப் பயணம் அவருக்காக நாங்கள் போய்விட்டோம்.