பிசினாறி வீட்டுப் படையல்

காகம் இறங்கவில்லை.

கஜபதி கண் விழித்துக் கொல்லைப்பக்கம் வந்தபோது, மனைவி ஜெயம்மாள் மதில்மேல் வாழையிலையில் சோறும் வடையும் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றாள். அப்பாவின் திவசம் போலிருக்கிறது என்று நினைத்தார். சோறு வைக்க வேண்டிய மகனான தன்னை எழுப்பக்கூட இல்லையே என்று கோபம் வந்தது. இலையைப் பார்த்ததும் அதைவிடப் பெரிய கோபம் வந்தது. யுத்தகாலம், அரிசிக்கே ரேஷன். இலையிலோ நெய் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்குடி இவ்ளோ நெய்?"

ஜெயம்மாள் திரும்பவில்லை. எண்ணெய் மிச்சமாகட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிடுகிற மனிதரை ஊர் பிசினாறி என்றது. அவரோ தன்னைச் சிக்கனக்காரர் என்றார். அந்தச் சண்டை வந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம்தான்.

காகம் தாழப் பறந்து வந்தது. வடையாவது மிஞ்சட்டும் என்று கஜபதி கையை ஓங்கினார். அது அவரை நேராகப் பார்த்தது. பிறகு அலறிக்கொண்டு பறந்தது.

ஜெயம்மாளின் முகம் வெளுத்தது. "யாரும் வெரட்டலியே சுப்பா. ஏன் ஓடுது?"

கூலியாள் சுப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "இன்னும் ரெண்டு வடை வச்சுப் பாருங்கம்மா."

வைத்தாள். காகம் மறுபடி வந்தது. கஜபதி இரண்டு கையையும் வீசினார். காற்றே இல்லை, ஆனாலும் இலை படபடத்தது. கட்டியிருந்த பசு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.

ஜெயம்மாள் கைகூப்பினாள். "கொறை இருந்தா மன்னிச்சுக்குங்க. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுறவங்களுக்கெல்லாம் மோர் ஊத்தறேன்."

"யாரு ஊட்டுத் தயிருடி?" கஜபதி கத்தினார். அடுத்து வந்த காகத்தைப் புளியமரம் வரைக்கும் துரத்தினார்.

"இதுவும் போதலியா?" அவள் அழுதாள். "குதிர்ல இருக்கற நெல்லு பூராத்தையும் குத்தி, தெருவுக்கே சோறு போடறேன்."

அந்த நெல்தான் அடுத்த அறுப்புவரை வீட்டுக்குச் சாப்பாடு. கஜபதிக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஓடிப்போய்க் கொல்லை வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"வேணாண்டி. பசங்க இன்னா துன்னுவாங்க?"

அவள் நிற்காமல் நடந்து உள்ளே போனாள். குளிர்ந்ததுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குதிரின் மூடியில் கை வைத்தாள்.

சுப்பன் வெளியிலிருந்தே தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"தொறக்காதீங்கம்மா. கஞ்சன்னா அடுத்தவங்களுக்குத்தான் தரமாட்டான். நம்ம ஐயா செத்தும் தனக்கு வச்ச சோத்தையே எடுக்கமாட்டேங்கறாரு பாருங்க, இவரத்தாங்க பிசினாறின்றது."