முன்னங்கால் அண்ணன் இடம் சுற்றிய கதை

குதிரை மேல் ஏறியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். குதிரையாகவே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் குதிரை மேல் ஏறி உட்கார்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், எனக்கு எதிர் வீட்டில் இருந்தார்.

பெயரா? அவருக்கே பாதி நேரம் மறந்துவிடும். தெருவுக்கு அவர் 'முன்னங்கால்' அண்ணன். எங்கள் பக்கத்துப் பெருமாள் கோயிலில் திருவிழாவுக்குத் திருவிழா மரக்குதிரை வாகனம் புறப்படும். பெருமாளை அதன் மேல் ஏற்றி, தண்டுக்குத் தோள் கொடுத்துத் தூக்குகிறவர்கள் சும்மா நடந்து போக மாட்டார்கள். ஓடுவார்கள், டக்கென்று நிற்பார்கள், திரும்பாமலேயே பின்னால் வருவார்கள், நின்ற இடத்தில் சுற்றுவார்கள். அந்த மரக்குதிரை உயிர் வந்து ஓடுவதுபோல இருக்கும். வையாளி என்பார்கள். அதில் முன்பக்க இடது தண்டு அண்ணனுடையது. மீசை முளைத்தபோது கொடுத்த தோளை, மீசை நரைக்கிற வரைக்கும் அவர் எடுக்கவில்லை. நான் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆசாமி. ஆனாலும் வையாளி என்றால் முதல் வரிசையில் நின்றுவிடுவேன்.

பிழைப்புக்கு அண்ணன் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் மெஷின் மெக்கானிக். ஒரு நாள் மாவ்பி பக்கம் இருக்கிற குதிரைச் சவாரி மைதானத்திலிருந்து ஆள் வந்தது. சேணம் தைக்கிற மெஷின் மக்கர் பண்ணுகிறதாம். போனவர் மெஷினைப் பார்த்தாரோ இல்லையோ, மைதானத்தில் ஒருவன் குதிரையோடு ரெய்னிங் பழகுவதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. இல்லை, குதிரை.

ரெய்னிங் என்பது அமெரிக்க மாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த போட்டி. பெரிய தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, லகானை ஒற்றைக் கையில் தொய்வாகப் பிடித்தபடி குதிரையை வட்டமாக ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் பம்பரமாய்ச் சுழற்ற வேண்டும். நேராக விரட்டிப் போய், பின்னங்கால் மண்ணில் சறுக்கச் சறுக்க நிறுத்த வேண்டும். பின்னால் நடத்த வேண்டும். எது முதலில், எது அப்புறம் என்று முன்கூட்டியே ஒரு வரிசை கொடுத்துவிடுவார்கள். அந்த வரிசை பிசகினால், நீங்கள் எவ்வளவு ஜோராக ஓட்டியிருந்தாலும் மார்க் முட்டைதான்.

அன்று சாயங்காலம் அண்ணன் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி என் வீட்டுக்குள் வந்து விழுந்தார்.

"தம்பி! வையாளிடா! வெள்ளக்காரன் நம்ம வையாளிய அப்படியே எடுத்து நெசக் குதிரைல பண்ணிக்கிட்டிருக்கான்டா!"

"அண்ணே, அவங்க நம்ம கோயிலையே பாத்திருக்க மாட்டாங்கண்ணே."

"பாக்காம எப்படிடா வரும்? ஓடுது, நிக்குது, பின்னால வருது, சுத்துது. கடைசில புளியோதரை ஒண்ணுதான் கொடுக்கல!"

மைதானத்தின் சொந்தக்காரர் ஊ சோ என்கிற பர்மியப் பெரியவர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர். அண்ணன் போய் நின்றதும், தாய்லாந்திலிருந்து எப்போதோ வாங்கி வந்த வயசான பெட்டைக் குதிரை ஒன்றைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். அமெரிக்க ஜாதி, பொன்னிறம். எல்லாரும் 'கிழடு' என்று சொன்ன அதற்கு அண்ணன் 'மா ஷ்வே' என்று பெயர் வைத்தார். 'ஷ்வே' என்றால் தங்கம். 'மா' என்பது பர்மாவில் பெண்பிள்ளைகளை மரியாதையாகக் கூப்பிடுகிற அடைமொழி. குதிரைக்கும் மரியாதை குறையக் கூடாது என்பது அவர் கட்சி.

முதல் நாள் ஏறும்போது பழக்கதோஷத்தில் துண்டை மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டார். குதிரை ஓட ஆரம்பித்ததும் இவர் தோளைச் சாய்த்து முட்டுக் கொடுக்க, பாவம் அந்தப் பெட்டை, தன் மேல் இருப்பது சவாரிக்காரனா தன் கூடத் தூக்க வந்தவனா என்று புரியாமல் நின்றுவிட்டது. அதோடு விட்டாரா? சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "மேல உக்காந்திருக்கவரு கனம் கீழ இருக்கவனுக்குத்தான்டா தெரியும்" என்பார். அவர் மனைவி பாக்கியம் அக்கா மார்க்கெட்டில் பருப்பு வடை போட்டு விற்கிறவர். வாய் எண்ணெயைவிடச் சூடு.

"கேட்டியா தம்பி, எனக்காக ஒரு வேளை பட்டினி கெடந்திருப்பாரா இந்த மனுசன்? வீட்டுல ஒருத்தி, மாவ்பில ஒருத்தி!"

குதிரையை நிறுத்த அமெரிக்காவில் ஏதோ ஒரு சொல் சொல்வார்களாம். அண்ணனுக்கு அது வாயில் நுழையவில்லை. வாகனத்தை நிறுத்தும்போது என்ன சொல்வார்களோ அதையே சொன்னார்: "கோவிந்தா!" மா ஷ்வே சறுக்கிக்கொண்டு நின்றது. "பின்னால, பின்னால" என்றால் பின்னால் நடந்தது. "மெல்ல, மெல்ல, மேடு வருது" என்றால் வேகத்தைக் குறைத்தது. எங்கள் தெருப் பிள்ளைகளிடம் தமிழில் ஒன்று கேட்டால் பர்மியத்தில் பதில் வரும். அவர்களைவிட அந்தக் குதிரைக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. ஒரே வருஷத்தில் அதற்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் புரியாமல் போயிற்று. வேறு யார் ஏறினாலும் மரக்குதிரை மாதிரி நின்றது. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மைதானத்தில் அவ்வப்போது சின்னதாகப் போட்டி நடத்துவார்கள். முதல் போட்டிக்கு அண்ணனின் வாகனக் கோஷ்டி பூராவும் ஒரு பிக்கப் வண்டி பிடித்து வந்து இறங்கியது. அண்ணன் முதல் வட்டத்தில் அம்சமாகப் போய்க்கொண்டிருந்தார். பார்த்த சந்தோஷத்தில் கோஷ்டி மொத்தமும் கையைத் தூக்கி, "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தியதைப் பார்க்க வேண்டுமே. மா ஷ்வே நட்டநடுவில் சறுக்கி நின்றுவிட்டது. அண்ணன் கிளப்புவார், இவர்கள் கத்துவார்கள், அது நிற்கும். கடைசியில் எதை முடித்தோம், எது பாக்கி என்றே தெரியாமல் ஏதோ ஒரு பக்கம் சுற்றிவிட்டு வெளியே வந்தார். முட்டை. கோஷ்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயித்துவிட்டார் என்று நினைத்து மாலை போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது போட்டிக்கு வந்ததுதான் பெரிய வினை. முதலில் இடப்பக்கமாக வட்டம், அப்புறம்தான் வலப்பக்கம் என்று வரிசை கொடுத்திருந்தார்கள். அண்ணன் ராத்திரியெல்லாம் உருப்போட்டார். மறுநாள் நடுவில் போய் நின்றார். கம்பீரமாக வலப்பக்கம் திருப்பினார். மறுபடியும் முட்டை.

"ஏண்ணே, மறந்துட்டீங்களா?"

"மறக்கலடா. மொத சுத்து எடப்பக்கமா எப்படிடா போறது? வெளங்குமா? மொதல்ல வலம் வந்துட்டா அப்புறம் எந்தப் பக்கம் வேணாலும் போறேன். ஆரம்பமே அபசகுனமாவா?"

சிரிக்காதீர்கள். ரங்கூனே வலமாகச் சுற்றுகிற ஊர். கோயிலுக்குப் போனாலும் வலம், புத்தர் பகோடாவுக்குப் போனாலும் வலம். அந்த ஊரில் பிறந்து, வலம் வருவதையே தோளில் காய்ப்பாக வாங்கிய மனுஷனை இடமாகத் திருப்பு என்றால்? பழகும்போது அவர் இடப்பக்கம் போக முயற்சி பண்ணாமல் இல்லை. லகானை இடப்பக்கம் நகர்த்துவார். உடம்பு தானாக வலப்பக்கம் சாயும். குதிரை கைக்குக் கீழ்ப்படியுமா, உடம்புக்குக் கீழ்ப்படியுமா? அவர் கூட்டாளி ஆயிற்றே, உடம்பு சொன்னதைத்தான் கேட்டது.

அப்போதுதான் ஊ சோ அந்தப் பேச்சை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு பர்மியத்தில் சொன்னார். 'முன்னங்கால்' அவர் வாயில் வராது, ஆண்களுக்கு மரியாதையாகப் போடுகிற 'கோ'வைச் சேர்த்து 'கோ முன்னா' என்பார்.

"கோ முன்னா, வருத்தப்படாதீங்க. வேற யாரும் இதுமேல ஏற முடியல. போட்டியில மார்க்கே வாங்காத குதிரைக்கு எப்படித் தீனி போட்டுக்கிட்டே இருக்கிறது? அடுத்த போட்டியில ஒரு மார்க், என்ன மார்க்கா இருந்தாலும் சரி, வாங்கிட்டா இது இங்கயே இருக்கட்டும். இல்லன்னா மேல் பர்மாவுல குதிரை வண்டிக்காரங்க கேக்கறாங்க. கொடுத்துடறேன்."

அண்ணனும் நானும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். மாடிப்படியில் நின்று திரும்பினார். "வண்டிக்காரன் பர்மியத்துலதானடா பேசுவான். அதுக்கு ஒண்ணும் புரியாதேடா. புரியலன்னு அடிப்பானேடா" என்றார்.

அடுத்த ஞாயிறு, 'மாவ்பில இருக்கவளை' நேரில் பார்க்கிறேன் என்று பாக்கியம் அக்காவே கிளம்பிவிட்டார். கையில் வடைப் பொட்டலம், குடை. நானும் சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போனேன். அக்கா வேலியோரம் நின்று, புருஷன் இடப்பக்கம் போகப் பார்ப்பதும் வலப்பக்கம் போவதுமாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னங்க! நடுவுல ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல பாக்கியம்."

"அப்பறம் என்ன பயம்?"

"ஒண்ணும் இல்லன்னு நமக்கு எப்படித் தெரியும்? அவன் தூணுலயும் இருப்பான், துரும்புலயும் இருப்பான். மண்ணுல இருக்க மாட்டானா?"

அக்கா குடையை இடுக்கிக்கொண்டார். லபெயே என்கிற பர்மா டீ குடிக்கப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கினார். வேலிக்குள் நுழைந்து விடுவிடென்று நடந்து, மைதானத்தின் நட்டநடுவில் போட்டு, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப நடுவுல நான் இருக்கேன். நான் சாமியா?"

"நீயா? சேச்சே!"

"அதான் கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்களே சொல்றீங்களே! சுத்துங்க எடப்பக்கமா!"

சுற்றினார்! ஆண்டவர் மேல் ஆணை, அப்படியே இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனார். அக்காவின் குடை மேல் புழுதி மழை. அவர் அசையவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திட்டு. "முதுக நிமித்துங்க!" "வாய மூடிக்கிட்டு வாங்க, மண்ணு போகும்!" "அவ நல்லாத்தான் ஓடுறா, நீங்கதான் சரியில்ல!" கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். அன்று கொண்டுபோன வடையில் பாதி மா ஷ்வேக்குப் போயிற்று. வடை தின்கிற குதிரையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ஸ்டூல், குடை, அக்கா. ஆனால் போட்டியன்று ஸ்டூல் போட விடுவார்களா? அண்ணன் வெட்கமில்லாமல் ஊ சோவிடம் கேட்டும் பார்த்தார். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் பரிதாபமாக, முடியாது என்று தலையை ஆட்டினார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நான் இருக்கேன்னு அர்த்தமா? இருக்கேன்னு நெனச்சுக்கங்க" என்றார் அக்கா.

போட்டியும் வந்தது. கோஷ்டியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தோம். வேலியோரம் நானும் அக்காவும் மட்டும். இந்த முறையும் முதலில் இடப்பக்கம். மைதானத்துக்குப் பின்னால், லாயத்துப் பக்கமாக, வண்டிக்காரர்கள் அனுப்பிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதை யாரும் யாருக்கும் காட்டவில்லை, எல்லாரும் பார்த்திருந்தோம்.

அண்ணன் நடுவில் வந்து நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். நடுவர் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அண்ணனின் தோள் மெல்ல வலப்பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. மா ஷ்வேயின் தலையும் வலப்பக்கம் திரும்பியது. ஏசப்பா, காப்பாத்தும் என்றேன். அக்கா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "நான் இங்க இல்லீங்க, அங்க இருக்கேன், அங்க இருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் நிமிர்ந்தார். லகான் இடப்பக்கம் நகர்ந்தது. உடம்பும் கூடவே நகர்ந்தது.

பிரமாதமாக ஒன்றும் ஓட்டவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வட்டம் முட்டை வடிவில் இருந்தது, இன்னொன்று சொல்கிற வடிவத்திலேயே இல்லை. சுழலும்போது ஒரு சுற்று தடுமாறியது. கடைசியில் "கோவிந்தா" என்று அவர் போட்ட சத்தத்தில் மைக் பிடித்திருந்தவர் திடுக்கிட்டுப் போனார். ஆனால் வரிசை பிசகவில்லை. மார்க் அறுபத்தொன்று. வந்திருந்தவர்களில் அவர்தான் கடைசி. அறுபத்தொன்று என்று மைக்கில் சொன்னதும் நான் குதித்த குதியில் வேலிக்கம்பி அறுந்தது.

ஊ சோ வந்து குதிரையின் கழுத்தைத் தடவினார். "யா டே, கோ முன்னா, யா டே" என்றார். சரி, ஆகட்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார். லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று.

அண்ணன் இறங்கி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா முன்னால் வந்து நின்றார்.

"நடுவுல நான் இருக்கேன்னு நெனச்சீங்கல்ல?"

"நெனச்சேன்."

"அப்ப பாவம் ஒண்ணும் இல்ல."

"பாவந்தான் பாக்கியம்" என்றார் அண்ணன். "சுத்தச் சுத்த, சாமிய எடமா சுத்துற மாதிரியேதான் இருந்துச்சு. மூணாவது சுத்துல உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்."

பாக்கியம் அக்கா முந்தானையால் அவர் மூஞ்சிப் புழுதியைத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான் குதிரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் ஊர் நிலவரம் மாறி, நான் சென்னைக்கு வந்துவிட்டேன். எப்போதாவது ரங்கூனிலிருந்து வீடியோ கால் வரும். கரண்ட் போவதற்குள் அண்ணன் குதிரையைப் பற்றியும், அக்கா அண்ணனைப் பற்றியும் புகார் சொல்லி முடித்தாக வேண்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கட் ஆகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்குக் கிடையாது. இங்கே யாராவது கேட்டால், ரங்கூனில் ஒரு அண்ணன் இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.