நடுநிலைக்கு அரை மதிப்பெண்

"உங்க கம்பெனி லேப்டாப் பத்தி எங்கிட்ட எதுவும் கேட்கக்கூடாது."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

ஆறு வருடங்களுக்கு முன், கல்யாணம் நிச்சயமான மறுநாள் அவன் அவளுக்குப் போட்ட நிபந்தனை இது. அவன் ஒரு பத்திரிகைக்காகப் புது மடிக்கணினிகளைச் சோதித்து மதிப்பெண் போடுபவன். நடுநிலை தவறாதவன் என்று பெயர் எடுத்தவன். அவள் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பொறியாளர். சரி என்றாள்; சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவளுடைய நிறுவனத்துச் சரக்கு வந்தால் சக விமரிசகி பார்த்துக்கொள்வாள்.

இந்த மாதம் விமரிசகி பிரசவ விடுப்பில் போய்விட்டாள். அவனுடைய நேர்மையில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார் ஆசிரியர். அவனுக்கும் இல்லை. அதுதான் வினையாயிற்று.

மூன்று நிறுவனங்களின் மடிக்கணினிகள் வீட்டுக்கு வந்தன; அதில் ஒன்று அவளுடைய நிறுவனத்தது. எது யாருடையது என்று தெரியாமல் சோதிப்பதே நியாயம் என்று, மச்சினனை விட்டுப் பெயர்கள் மேல் கறுப்பு நாடா ஒட்டி எண் எழுதச் சொன்னான். காபியோடு வந்த மனைவி, இரண்டாம் எண்ணைப் பார்த்ததும் பெற்ற பிள்ளையைப் பள்ளி மேடையில் கண்டவள் போல மலர்ந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போச்சு.

எண்களை மாற்றி ஒட்டச் செய்து, இனி கூடத்தைக் கடக்கும்போது எதையும் பார்க்கக்கூடாது என்றான். அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடந்தாள். மேசையில் இடித்தாள். ஒரே ஒரு நாடா கழன்று விழுந்தது. எது என்று சொல்லவும் வேண்டுமா?

தெரிந்துவிட்டதால் சலுகை காட்டிவிடுவோமோ என்று அதற்கு அரை மதிப்பெண் குறைத்தான். அது அநியாயம் என்று திரும்பக் கூட்டினான். கூட்டியது பாசத்தாலோ என்று மறுபடி குறைத்தான்.

"மாமா, இது மார்க்கா, ஊஞ்சலா?" என்றான் மச்சினன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தவனுக்கு வியர்த்தது. வேறொன்றின் விசிறி மாவு மில் போல இரைகிறது என்று எழுதியவன், அதே அளவு இரைந்த அவளுடையதற்கு 'மெல்லிய ஓசை உண்டு' என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு அதையும் மாவு மில் ஆக்கினான். வீட்டில் புயல் அடித்தால் அடிக்கட்டும். தலை நிமிர்ந்து அவளிடமே நீட்டினான்.

அவள் இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியது.

"இத்தனை நாள் வாயைத் திறக்கலை. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு. ஆனா மார்க்கைத் தொடமாட்டேன்."

"மார்க் உங்க இஷ்டம். ஒரே விசிறி திணறி இரையுது, இன்னொண்ணு வைங்கன்னு ஆறு வருஷமா ஆபீஸ்ல தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. மாவு மில்லெல்லாம் பத்தாதுங்க, இன்னும் கேவலமா ஏதாவது எழுதுங்களேன்."