மெர்சிங்கிலிருந்து வந்த வாழ்த்து

கணினியின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை செய்கிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. பொத்தானை அழுத்திப் பிழைக்கும் மற்ற மனிதர்கள் அவன் கண்ணுக்குக் கைக்குழந்தைகள். அந்தக் கர்வம் எனக்கு முற்றியிருந்த காலத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது.

தம்போயில் ஒரு மண்டபத்தில் விருந்து. வர முடியாத உறவினர்கள் கைப்பேசியில் பேசி அனுப்பிய வாழ்த்துகளை ஒரே படமாகக் கோத்துத் திரையில் ஓட்டுவது என் பொறுப்பு. அதில் ஒன்றுதான் முக்கியம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் கடலோர ஊரான மெர்சிங்கில் இருக்கும் அவர் அண்ணனுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெரியப்பா, என் தங்கை கெஞ்சியதற்காகப் படகுத்துறையில் நின்று தம்பிக்கு நாலு வார்த்தை பேசி அனுப்பியிருந்தார்.

அவருடைய ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு படகு வந்து போகும். எனக்குப் பொறுக்கவில்லை. படத்துக்கு நிறம் கூட்ட ஃபில்டர் எனப்படும் ஒரு வடிகட்டி, ஒலியில் பேச்சில்லாத இடங்களை நீக்க இன்னொரு வடிகட்டி என்று கட்டளை எழுதினேன். ஒலியில் வெட்டியதைப் படத்திலும் வெட்ட வேண்டும் என்று இந்த மேதைக்குத் தோன்றவில்லை. (கோப்பின் பெயரில் தேதியை மட்டும் பிழையில்லாமல் போட்டிருந்தேன். வரலாறு முக்கியமல்லவா.)

"ஒரு தடவ முழுசா ஓட்டிப் பாத்துரலாம்," என்றாள் தங்கை. முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, விவரமறியாதவர்களுக்கென்று நான் வைத்திருக்கும் புன்னகையை அவளுக்கு அளித்தேன்.

விருந்தன்று திரையில் பெரியப்பா தோன்றினார். மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி கைக்குட்டையைத் தயாராக எடுத்தார். பெரியப்பாவின் நாலு வார்த்தையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்ந்தன; ஒருவருக்கும் புரியவில்லை. வாய் மட்டும் நிதானமாக அசைந்துகொண்டே இருந்தது. அந்த முறுக்கு மீசைக்குக் கீழிருந்து, அடுத்த வாழ்த்தில் வர வேண்டிய, ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் அத்தையின் கீச்சுக்குரல் கிளம்பியது: "வரலன்னு கோச்சுக்காத கண்ணு. புதுச் சேல எடுத்து வச்சேன், ஜாக்கெட்டுதான் பத்தல."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சம்பந்தி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார்.

"அண்ணே, அவரு கோச்சுக்கிட்டுப் போனாருன்னா நா ஒன்ன சும்மா விடமாட்டேன்," என்றாள் தங்கை, மேடையில் சிரித்த முகம் மாறாமல்.

மன்னிப்புக் கேட்க ஓடினேன். கார்கள் நின்ற இடத்தில் அவர் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்.

"அண்ணே, நாந்தான். நீங்க பேசுனது ஒண்ணும் வெளங்கல. மறுபடி சொல்லுங்க." நெடுநேரம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரிண்ணே. அந்தச் சேல விஷயம்?" என்றார். என்னைக் கண்டதும், போ என்று கையை ஆட்டினார்.

இப்போதெல்லாம் பெரியப்பா எந்த விசேஷத்துக்கும் மெர்சிங்கிலிருந்து நேரிலேயே வந்துவிடுகிறார். அவ்வளவு தூரம் எதற்கு அலைச்சல், பேசி அனுப்பினால் போதாதா என்று யாராவது கேட்டால், என்னைக் காட்டிச் சொல்வார்:

"வேணாம்பா. இந்தத் தம்பி எனக்குச் சேல கட்டி விட்டுரும்."